நடைச் சோதனையில் முன்னேற்றம், வாழ்க்கையில் மாற்றமில்லை: எந்த அளவுகோலை நம்புவது?

கேள்வி: இயன்முறை முதுநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். இயன்முறை மருத்துவத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள முதியவர்களுக்கு எட்டு வார உடற்பயிற்சி அளித்து, அவர்களுடைய செயல்திறன் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வேடு. பங்கேற்றவர்களுள் ஒருவரின் முடிவுகள் என்னைக் குழப்பத்தில் ஆழ்த்தியிருக்கின்றன.

அவருக்கு 68 வயது. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயிற்சிக்கு முன் ஆறு நிமிட நடைச் சோதனையில் 345 மீட்டர் நடந்தார். எட்டு வாரம் கழித்து 390 மீட்டர் நடந்தார். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையில் 9.4 விநாடி 9.2 ஆனதைத் தவிர வேறு மாற்றமில்லை. ஐந்து முறை உட்கார்ந்து எழும் சோதனை 13.1 விநாடியிலிருந்து 12.6 விநாடிக்குக் குறைந்தது. அவரிடமே கேட்டால், "அப்படியேதாம்மா இருக்கு" என்கிறார். பக்கத்து ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை போய்வந்தவர், ஓராண்டாகப் போவதில்லை. பயிற்சிக்குப் பிறகும் போகவில்லை.

நுரையீரல் துறையில் கேட்டபோது 45 மீட்டர் என்பது நல்ல முன்னேற்றம் என்றார்கள். முதியோர் மருத்துவப் பிரிவில், எழுந்து நடக்கும் நேரம் மாறாததால் செயல்திறன் மாறவில்லை என்றார்கள். விளையாட்டு மருத்துவம் படிக்கும் தோழியோ இரண்டையுமே ஏற்கவில்லை. ஒரே மனிதரின் ஒரே உடலைப் பற்றித் துறைக்கொரு தீர்ப்பு கிடைக்கும்போது ஆய்வேட்டில் எதை எழுதுவது? அதைவிட முக்கியமாக, அவருக்கு அடுத்து என்ன பயிற்சி கொடுப்பது?

ஒரு தகவலையும் சேர்த்துவிடுகிறேன். எங்களுக்குக் கிடைத்த தாழ்வாரம் 20 மீட்டர்தான். இரு முறையும் அங்கேயே நடத்தினேன்.

பதில்: நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்

அந்த 45 மீட்டரிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எண்ணைக் கொண்டாடுவதற்கு முன் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பது தெளிவாகும். அமெரிக்க விமானப் படையினரின் உடல்தகுதியை அறிய, 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறார்கள் என்று அளக்கும் முறையை 1968இல் கென்னத் கூப்பர் வெளியிட்டார். பிரிட்டனில் 1976இல் அந்த ஓட்டம் நடையாக மாற்றப்பட்டு, நாள்பட்ட மார்புச்சளி நோயாளிகளிடம் பயன்படுத்தப்பட்டது. மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் பெருஞ்சுமையாக இருந்ததால், 1982இல் இரண்டு, ஆறு, பன்னிரண்டு நிமிட நடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகு ஆறு நிமிடமே நிலைபெற்றது. அதாவது, இது பிறவியிலேயே தாங்குதிறனை அளக்கும் கருவி. சமதளத்தில், தன் வேகத்தில், நிற்க வேண்டுமென்றால் நின்று, தொடர்ந்து நடக்கும்போது இதயமும் நுரையீரலும் கால் தசைகளும் சேர்ந்து எவ்வளவு தாக்குப்பிடிக்கின்றன என்பதையே அது சொல்கிறது.

இப்போது உங்கள் எண்ணுக்கு வருவோம். முதல் அளவீட்டுக்கு முன் அவருக்குப் பழக்க நடை கொடுத்தீர்களா? ஐரோப்பிய சுவாசச் சங்கமும் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் 2014இல் வெளியிட்ட நடைமுறைத் தரம், இரண்டு முறை நடக்கவைத்து அதில் கூடுதலான தூரத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. காரணம், எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே இரண்டாம் நடையில் சராசரியாக 26 மீட்டர் அளவுக்குத் தூரம் கூடிவிடுகிறது. திரும்பும் இடம், வேகத்தைப் பங்கிடும் விதம் எல்லாம் பிடிபட்டுவிடுகின்றன. நோயாளிக்கு உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று அதே ஆவணம் கூறுவது ஏறத்தாழ 30 மீட்டர். நீங்கள் முன்பும் பின்பும் ஒரே ஒரு முறை மட்டும் நடத்தியிருந்தால், 45இலிருந்து பழக்கத்தின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவது 20 மீட்டருக்குள்தான் இருக்கக்கூடும். சராசரியை ஒரு தனிமனிதர்மீது அப்படியே ஏற்றிக் கழிக்கக் கூடாதுதான். ஆனாலும் "நல்ல முன்னேற்றம்" என்று உறுதியாக எழுத அந்த எண் இடம் தரவில்லை.

தாழ்வாரத்தின் நீளம் இரு முறையும் ஒன்றே என்பதால் ஒப்பீடு கெடவில்லை. ஆனால் ஒருவர் இயல்பாக எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கணிக்க, 30 மீட்டர் தடத்தில் உருவாக்கிய எதிர்பார்ப்புச் சூத்திரங்களோடு உங்கள் எண்களை ஒப்பிட்டுவிடாதீர்கள். 10 மீட்டர் தடத்தில் நடந்த நோயாளிகள் 30 மீட்டர் தடத்தில் நடந்ததைவிட ஏறத்தாழ 50 மீட்டர் குறைவாக நடந்தார்கள் என்று நெதர்லாந்தில் கண்டிருக்கிறார்கள். அடிக்கடி திரும்பும்போது வேகம் உடைகிறது.

இன்னொன்று, யாரும் எழுதாமல் விடுவது: நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்? சோதனை நடத்துபவர் ஊக்கப்படுத்தியதாலேயே தூரம் 30 மீட்டர் கூடியது என்று 1984லேயே கனடாவில் காட்டிவிட்டார்கள். அதனால்தான் நிமிடத்துக்கு ஒரு முறை எந்த வாக்கியத்தை, எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூட விதி வகுத்திருக்கிறார்கள். எட்டு வாரம் பழகிய பிறகு நம் குரல் தானாகவே கனிந்துவிடும். அந்தக் கனிவும் மீட்டரில் சேர்ந்துகொள்ளும்.

பதில்: முதியோர் மருத்துவர்

மேலே எழுதியவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எங்கள் துறையின் தீர்ப்பையும் அதே கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

எழுந்து நடக்கும் சோதனை 1986இல் முதன்முதலில் வந்தபோது அதில் கடிகாரமே கிடையாது. முதியவர் எழுந்து நடப்பதைப் பார்த்து, விழும் ஆபத்து எவ்வளவு என்று மருத்துவர் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவார். 1991இல்தான் போட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் அதை விநாடிக் கணக்காக்கினார்கள். தள்ளாடும் முதியவரைத் தள்ளாடாதவரிடமிருந்து பிரித்தறிவதே அதன் வேலை. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்தைக் கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. உங்கள் பங்கேற்பாளர் முதல் நாளிலேயே 9.4 விநாடியில் முடித்துவிட்டார். ஏற்கெனவே நன்றாகச் செய்பவரிடம் அந்தச் சோதனைக்குக் காட்ட மிச்சம் எதுவுமில்லை. கூரையில் தலை முட்டியவர் அதற்குமேல் வளர்ந்தாரா என்று அந்தக் கூரையை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே "மாறவில்லை" என்று எங்கள் பிரிவில் சொன்னது அவசரத் தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட ஐந்து முறை உட்கார்ந்து எழும் சோதனைதான் என் கண்ணில் பட்டது. அதில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும்; எழுந்து நடக்கும் சோதனையிலோ நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழ அனுமதி உண்டு. கைகள் கட்டப்பட்டவுடன் தொடைத் தசையின் உண்மை நிலை வெளிப்பட்டுவிடுகிறது. தசைநலிவு பற்றிய ஆசியப் பணிக்குழுவின் 2019 வரையறையில் 12 விநாடியும் அதற்கு மேலும் குறைபாடாகக் கொள்ளப்படுகிறது. இவர் பயிற்சிக்கு முன்பும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தார், பயிற்சிக்குப் பிறகும் வெளியேதான் இருக்கிறார். கையின் பிடிவலுவையும் அளந்துவிடுங்கள், ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே என்பது அதே குழுவின் எல்லை. உங்கள் எட்டு வாரப் பயிற்சியில் நடை எவ்வளவு, எடை தூக்கும் பயிற்சி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நடைதான் பெரும்பகுதி என்று ஊகிக்கிறேன்.

வயதானவருக்கு எடைப் பயிற்சி ஆகாது என்ற பயம் நம் மருத்துவமனைகளில் இன்னும் போகவில்லை. பாஸ்டனில் 1990இல் மரியா ஃபியாட்டரோனும் குழுவினரும் தொண்ணூறு வயதையொட்டிய பத்துப் பேரைக் கடுமையான எடைப் பயிற்சியில் சேர்த்தார்கள். எட்டு வாரத்தில் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. நான்கு ஆண்டு கழித்து அதே குழு நூறு பேரிடம் பத்து வாரம் நடத்திய ஆய்வில் வலு 113 சதவீதம் உயர்ந்தது. ஆனால் நடை வேகம் உயர்ந்தது 12 சதவீதத்துக்கும் குறைவாகவே. இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். வலு இரட்டிப்பானாலும் அது நடையாக மாறும்போது வழியில் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. வலு தேவை, ஆனால் வலு கூடினாலே வேலை தானாக வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு.

பெரிய அளவில் நடந்த ஆய்வையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுக்குட்பட்ட 1,635 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நடையும் வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சியும், மற்றதற்கு உடல்நலக் கல்வியும் அளித்தார்கள். சராசரியாக 2.6 ஆண்டு கவனித்தபின், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 30.1 சதவீதம், கல்விப் பிரிவில் 35.5 சதவீதம். முடிவு 2014இல் வெளியானது. வித்தியாசம் சிறியது போலத் தோன்றும். ஆனால் அந்த ஆய்வில் அளந்தது ஒரு மதிப்பெண்ணை அன்று. ஒரு மனிதர் தெருமுனை வரை போய்வர முடிகிறதா என்பதை அளந்தார்கள். அதனால்தான் அந்த ஐந்து சதவீதத்தை நான் மதிக்கிறேன்.

பதில்: விளையாட்டு இயன்முறை மருத்துவர்

உங்கள் தோழியின் தரப்பில் இரண்டு வார்த்தை. எங்கள் துறையும் இதே குழியில் விழுந்து எழுந்ததுதான்.

முழங்காலில் முன்சிலுவை நார் அறுவைச் சிகிச்சை முடிந்த வீரர் களத்துக்குத் திரும்பலாமா என்று பார்க்க, ஒற்றைக் காலில் தாவச் சொல்லித் தூரத்தை அளக்கிறோம். அடிபட்ட கால் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதத்தை எட்டினால் தேர்ச்சி என்பது பரவலான வழக்கம். ஆனால் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் நலிந்துவிடுகிறது. நலிந்ததை அளவுகோலாக வைத்து இன்னொரு நலிந்ததை அளந்தால் 90 என்ன, நூறே வரும். காயத்துக்கு முன் அந்த வீரர் எவ்வளவு தாவினார் என்ற பழைய பதிவு இருந்தால் மட்டுமே அந்த விகிதத்துக்குப் பொருளுண்டு. இன்னொரு பாடம், தேர்ச்சி பெற்றாலும் அவசரப்படக் கூடாது என்பது. ஒன்பது மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2016இல் வந்த நார்வே ஆய்வு காட்டியது.

என் கேள்வி எளியது. கால்பந்து வீரரிடம் "எந்த ஆட்டம், எந்த இடத்தில் ஆடுவீர்கள்" என்று கேட்காமல் நாங்கள் பயிற்சி வகுப்பதில்லை. உங்கள் பெரியவரின் ஆட்டம் எது? மகள் வீட்டுக்குப் போவதுதானே. அந்தப் பயணத்தில் எந்த இடத்தில் அவர் தோற்கிறார் என்று கண்டுபிடித்தீர்களா?

பதில்: செயல்முறைச் சிகிச்சையாளர், பக்கவாத மறுவாழ்வு

இந்தக் கேள்வியில்தான் முடிச்சு இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பு 2001இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாட்டில் இரண்டு சொற்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒழுங்குபடுத்திய சூழலில் ஒருவரால் அதிகபட்சம் என்ன செய்ய இயலும் என்பது ஒன்று. தன் வீட்டில், தன் தெருவில் அவர் நடைமுறையில் என்ன செய்கிறார் என்பது மற்றொன்று. முன்னதை இயலுமை என்றும் பின்னதைச் செய்கை என்றும் நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மூன்று சோதனைகளும் இயலுமையை மட்டுமே அளக்கின்றன. அவர் "அப்படியேதாம்மா இருக்கு" என்றது செய்கையைப் பற்றி. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நீங்கள்தான் ஒரு கேள்விக்கு வந்த விடையை இன்னொரு கேள்விக்குப் பொருத்திப் பார்க்கிறீர்கள்.

இயலுமை கூடினால் செய்கை தொடர்ந்துவரும் என்ற நம்பிக்கை எங்கள் துறையில் நெடுங்காலம் இருந்தது. பக்கவாதம் வந்த கைக்கு வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கான முறை பொருள்களை எடுத்துவைக்கும் பயிற்சி கொடுத்து, இரு மணிக்கட்டுகளிலும் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மேசைமுன் நடத்திய சோதனையில் மதிப்பெண் உயர்ந்தது. வீட்டில் அந்தக் கையின் உபயோகம் ஏறவே இல்லை. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு இது. முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் நானும் அதே பயிற்சியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எனவே ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனி அட்டவணையாக எழுதுங்கள். செய்கைக்கு நாளொன்றுக்கு எத்தனை எட்டு வைத்து நடக்கிறார் என்று ஒரு வாரம் பதிவு செய்தாலே போதும்; விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடுத்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய், செருப்பு மாட்டுவதிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை என்னென்ன நடக்கும் என்று அவரையே வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். கடினம் என்று அவர் சொல்லும் இடத்தைவிட, சொல்லும்போது தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: இயன்முறை முதுநிலை மாணவி

எல்லோருக்கும் நன்றி. பழக்க நடை கொடுக்கவில்லை. அதை ஆய்வேட்டின் குறைபாடுகளில் எழுதிவிடுகிறேன். பயிற்சியில் பெரும்பகுதி நடைதான் என்ற ஊகமும் சரி.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேருந்து நிறுத்தம் வரை 250 மீட்டர். வழியில் நிற்காமல் நடந்து காட்டினார், எனக்கே வியப்பாக இருந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். பத்துப் பதினைந்து மீட்டர் வேகமாகப் போக வேண்டும். முதல் படி உயரம், ஒரு கையால் கம்பியைப் பிடித்து உடலை இழுத்தால்தான் ஏற முடியும். இடம் கிடைக்காவிட்டால் மேல் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும். இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னவர், அதன் பிறகு தயங்கினார். நடத்துநர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்ல மூச்சு இருப்பதில்லையாம். ஒரு முறை அவர் வாயைத் திறந்தும் குரல் வராமல் நின்றபோது, குடித்திருக்கிறார் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகுதான் போவதை நிறுத்தியிருக்கிறார். இது அவர் மனைவிக்கே தெரிந்திருக்கவில்லை.

பதில்: நுரையீரல் மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர்

இதைப் படித்ததும் என் முதல் பதிலில் நான் மீட்டரையே பிடித்துக்கொண்டு நின்றது உறைத்தது. நீங்கள் எழுதியதில் உடலியல் விளக்கம் உள்ள இடம் அந்த மேல் கம்பிதான்.

கழுத்திலும் தோள்பட்டையிலும் உள்ள தசைகளுக்கு இரண்டு வேலை உண்டு: கையைத் தூக்கிப் பிடிப்பது ஒன்று, மூச்சிழுக்கத் துணைபோவது இன்னொன்று. நோயில்லாதவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நுரையீரல் அடைப்பு உள்ளவர் அந்தத் துணையை நம்பியே மூச்சிழுக்கிறார். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனவுடன் அந்தத் தசைகள் கைப்பக்கம் போய்விட, மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தின்மீது பாரம் விழுகிறது. மார்பும் வயிறும் ஒத்திசைந்து அசைவதும் குலைகிறது. கால் பயிற்சியில் இல்லாத இந்தக் குலைவு கைப் பயிற்சியில் வருகிறது என்று பார்த்தலோமே செல்லியும் குழுவினரும் 1986இல் காட்டினார்கள். எனவே ஆறு நிமிடம் கையை வீசி நடக்கும் சோதனை, இவர் தோற்கும் இடத்தைத் தொடவே இல்லை. பலகையில் உள்ள முளைகளில் வளையங்களை மாற்றி மாற்றிப் போடும் ஆறு நிமிடக் கைச் சோதனை ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். நீங்களே நாடாவை எடுத்துப்போய் அந்தப் பேருந்தின் முதல் படி உயரத்தை அளந்து, அதில் பாதி உயரத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் பலகையை உயர்த்துங்கள். ஏறும் நொடியில் உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடப் பழக்குங்கள். பெரும்பாலோர் அப்போதுதான் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்கும் பயிற்சியை எடையில்லாமல் தொடங்கி அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஏற்றலாம். பிறகு பத்து மீட்டர் வேக நடை, படி, கம்பி மூன்றையும் இடைவெளியில்லாமல் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள். விரலில் ஆக்சிஜன் அளவி இருக்கட்டும். 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். மூச்சுக்குழல் விரிக்கும் மருந்தைப் புறப்படுவதற்குச் சற்று முன் இழுத்துக்கொள்ளலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

முடிவை அளக்க, கம்பியைப் பிடித்து நின்ற நொடியிலிருந்து ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லும் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்த நூலிலும் வரையறை இல்லை. ஆய்வேட்டில் தனிப் பத்தியாகத்தான் எழுத முடியும். அதுவரை, ஊர்ப் பெயரை எழுதிய ஒரு காகிதத்தில் சில்லறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த வாரமே போகலாம்.